திரும்பிப் போனால் சாவு

ஜெமெனி,
வியாழக்கிழமை, 10 மார்ச் 2022

யாருக்கு அக்கா புத்தி கெட்டுப்போச்சு? எனக்கா? அறுபத்தெட்டு வயசுல பொடிப்பசங்களோட கேம் கொட்டாயில குந்திக்கிட்டு பட்டனைத் தட்டுறேன்னு மூணு பக்கம் திட்டியிருக்கியே, அந்த மூணு பக்கத்துல ஒரு வரி, "தம்பி, சாப்பிட்டியா"ன்னு இருக்கா? தேடித் தேடிப் பார்த்தேன். இல்ல.

சரி, நானாவது முறையா கேக்குறேன். முழங்கால் எப்படி? காது? வீட்டுல எல்லாரும் இருக்காங்களா? இருக்காங்க. கோழிங்க? இருக்கும். முறை முடிஞ்சுது. இப்ப சண்டைக்கு வா.

கேம் பண்ணினது யாரு? உன் பொண்ணு. பாங்கு வேலைய விட்டுட்டு அக்ராவுல நாலு பேரோட ஒரு ரூம்ல ஆறு வருசம் உக்காந்து பண்ணினது ஜிஃபா. என் மருமக பண்ணின கேம நான் ஆடாம யாரு ஆடுவா? உனக்குப் பெருமையா இல்லாட்டி எனக்கு இருக்கு. கொட்டாய் வெச்சிருக்கிற யாய்ரா சுவத்துல சாக்பீசால எழுதியே வெச்சிருக்கா: "டோட்சே தாத்தா, 19 சாவு". ஊர்ல வேற எவனும் இவ்வளவு செத்ததில்ல. கொட்டாயில சட்டம் என்னன்னா, செத்தா எழுந்திருக்கணும், அடுத்தவன் உக்காரணும். அதனால என்ன ரொம்பப் பிடிக்கும் பசங்களுக்கு. "தாத்தா உக்காரட்டும்டா, கண்டிப்பா செத்துடுவாரு"ன்னு வழி விடுறானுங்க. எவ்வளவு மரியாதை பாரு.

ஆட்டம் இதுதான். நீ ஒரு ஆகாசக் கப்பலோட்டி. ஜனங்கள ஏத்திக்கிட்டு இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போகணும். வழியெல்லாம் உடைஞ்சு செத்த கப்பலுங்க இருட்டுல நிக்கிது. ஒண்ணுல மோதிடுவ. எல்லாரையும் தூக்க முடியாது. உன் கூட்டாளி ஒருத்தன் செத்த கப்பல் கம்பத்தப் புடிச்சுக்கிட்டு, "நீங்க போங்க, நான் இருக்கேன்"ம்பான். மத்தவங்கள கரை சேத்த பிறகு கேக்கும்: திரும்பிப் போறியா, போகலையா? போகலன்னா ஜெயிச்ச. போனா காத்து தீந்து செத்துடுவ. செத்தா ஆறு மணி நேரம் ஆடினதெல்லாம் அழிஞ்சு முதல்லேருந்து.

நான் போறேன். பத்தொம்பது தடவையும் போனேன். அதான் பத்தொம்பது சாவு.

தாய்மாமன் அதிகாரத்துல அவகிட்ட சொல்லி கேம மாத்தச் சொல்லுன்னு கேட்டிருக்க. பாக்குறேன். பாக்குறேன்னா செய்யமாட்டேன்னு உனக்குத் தெரியும்.

நம்ம ரெண்டு ஊருக்கும் ஓட்டுற எலிகெம் வேன்ல இந்தக் கடுதாசியும் பொரிச்ச மீனும் வருது. அவன் வண்டி பின்னாடி "யாரைத்தான் நம்புவது" ன்னு எழுதியிருக்கான். நானும் அவன நம்பித்தான் குடுக்குறேன். போன் பண்ணலாம்தான், ஆனா உனக்குக் காது போன பிறகு நான் கத்துறது மூணு வீட்டுக்குக் கேக்குது, உனக்கு மட்டும் கேக்கல. குறுஞ்செய்தி அனுப்பினா, "இது கடிதமா, மளிகைச் சீட்டா"ன்னு திட்டுற.

உன் சொல் பேச்சு கேக்காத தம்பி,
டோட்சே


ஹோ,
24 மார்ச் 2022

அன்புள்ள தம்பி டோட்சேவுக்கு,

சாப்பிட்டாயா? இதோ, முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன். நீ அனுப்பிய மீன் நலமாக வந்து சேர்ந்தது. எண்ணினேன், ஒன்பது இருந்தன. பத்து என்று எலிகெம் விரலால் காட்டினான். காட்டிவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டான். என் முழங்கால் மழைக்கு முன்பே மழையைச் சொல்கிறது. மற்றபடி சுகம்.

உன் கேலியை ஓரமாக வைத்துவிட்டுக் கேள். விளையாட்டு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது இரண்டு பெண்கள் என்னை நிறுத்தி, காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள்: "உங்கள் மகள் செய்த விளையாட்டில் நல்லது செய்கிறவன்தான் சாகிறானாமே, டீச்சர்?" முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். என்ன பதில் சொல்வேன்?

ஜிஃபாவுக்கு எழுதினேன். விட்டுவந்தவனை மீட்கத் திரும்பிப் போகிறவன் பிழைக்க வேண்டும், அப்படி மாற்று என்றேன். "மாற்றமாட்டேன் அம்மா" என்று ஒரே வரி. அதன்பின் நானும் எழுதவில்லை, அவளும் எழுதவில்லை. இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை.

ஒரே பிள்ளை என்று எழுதும்போது இன்னும் என் கை நிற்கிறது.

ஏப்ரல் வந்தால் முப்பத்தொரு வருடம். ஈஸ்டர் விடுமுறைக்கு, அப்போது ஏரிக்கு அக்கரையில் குடியிருந்த உன்னிடம் அனுப்பிய இருவரையும் நீ படகில் கூட்டிவருவாய் என்று மறுகரையில் நின்றிருந்தேன். ஜிஃபாவுக்கு ஐந்து வயது, எடெமுக்குப் பதினொன்று. நீ ஒருத்தியோடுதான் வந்தாய். மரக்கட்டையில் படகு மோதியதுமே எடெம் முழுகிவிட்டான், ஒரு நொடிகூட அவன் தவிக்கவில்லை என்றாய். அவர்களுடைய அப்பாவும் இல்லாத வீட்டில், அந்த ஒரு வார்த்தையைத் தலைக்கு வைத்துத்தான் இத்தனை வருடம் தூங்கினேன்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் இந்த விளையாட்டுக்கு "மறுகரை" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன். சாவு நிச்சயம் என்று தெரிந்தும் நீ ஏன் ஒவ்வொரு முறையும் திரும்பிப் போகிறாய்?

உன் நலம் கேட்கும் அக்கா,
என்யோனம்


ஜெமெனி,
வியாழன், 7 ஏப்ரல் 2022

டீச்சரம்மாவுக்கு மூணாங்கிளாசோட நின்னவன் வணக்கம்.

நான் சுகம். சாப்பிட்டேன். நீ கேக்காட்டியும் சொல்றேன், என்ன சாப்பிட்டேன்னா சோளக்களியும் வெண்டைக்கா கொழம்பும். யாய்ரா குடுத்தா. பத்தாவது மீன எலிகெம்தான் தின்னான், கேட்டேன், ஒத்துக்கிட்டான். "தாத்தா, மத்த ஒன்பது மீனுக்கும் அதான் டிக்கெட்டு"ங்கிறான்.

இங்க ஊரே ரெண்டாப் போச்சு அக்கா. படகுக்காரனுங்க ஒரு கட்சி, வண்டிக்காரனுங்க ஒரு கட்சி. படகுக்காரன் சொல்றான், "கேம் சரி. தண்ணிக்குத் திரும்பிப் போறவன் ரெண்டு வீட்ட அழவெப்பான். ஏறினவங்கள எறக்கிவிடு, அதான் தொழில்." வண்டிக்காரன் சொல்றான், "அட கோழைப்பசங்களா, நடு ரோட்டுல ஆள விட்டுட்டு வண்டிய எடுப்பீங்களாடா?" போன வியாழக்கிழமை சந்தையில இதுக்குச் சட்டையப் புடிச்சுக்கிட்டானுங்க. நடுவுல ஒரு பொம்பள வெங்காயக் கூடையோட நின்னு, "எந்தக் கப்பல்யா? யாரு செத்தது? சாவுச் சேதி சொல்லியனுப்பியாச்சா?"ன்னு அழவே ஆரம்பிச்சுட்டா.

ரேடியோவுலயும் இதே பேச்சு. ஒருத்தன் இந்த நாட்டுலேருந்து இப்படி ஒண்ணு வந்ததே இல்லங்கிறான். இன்னொருத்தன் காசு குடுத்து எதுக்குய்யா சித்திரவதை வாங்கணுங்கிறான். பாஸ்டர் பிசாசு வேலைன்னுட்டாரு, அன்னிக்கு சாயங்காலம் கொட்டாயில எடமே இல்ல.

அந்தச் செத்த கப்பலுங்களப் பார்த்தா நம்ம ஏரிதான் அக்கா. அணை கட்டினப்ப முழுகின காட்டு மரமெல்லாம் எப்படி மொட்டையா தலையத் தூக்கிக்கிட்டு நிக்கும், அப்படியே. உன் பொண்ணு தண்ணிய மொண்டு ஊத்திட்டு அந்த எடத்துல ஆகாசத்த நெரப்பிட்டா. இப்ப என் கணக்கு 34 சாவு.

கொழுப்பு மீன் அனுப்பியிருக்கேன். எண்ணிக்கோ, பன்னெண்டு.

டோட்சே


ஹோ,
20 ஏப்ரல் 2022

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். மீன் பன்னிரண்டும் வந்தது. எலிகெம் என் முன்னே எண்ணிக் கொடுத்து, கையைத் தூக்கிச் சத்தியம் செய்தான்.

கேள்வி ஒன்று கேட்டிருந்தேன். வெங்காயக்காரி என்ன சொன்னாள், பாஸ்டர் என்ன சொன்னார் என்று எழுதினாய். நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. சின்ன வயதிலும் இப்படித்தான். பானையை உடைத்த அன்றுதான் நீ வீட்டைச் சிரிக்கவைப்பாய்.

நேற்று எடெமின் நாள். காலையில் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். எலிகெம் வந்தான். நீ இந்த வருடமும் படகெடுத்துப் போய் மரத்தில் வெள்ளைத் துணி கட்டியதைப் பார்த்ததாகச் சொன்னான், எனக்குப் புரிய கைவீசிக் காட்டினான். ஏரியில் ஒருவர் போன இடத்தில் துணி கட்டுவது படகுக்காரர்களின் வழக்கம்தான். நீ ஒவ்வொரு வருடமும் கட்டுகிறாய் என்பது எனக்குத் தெரியும். உன்மேல் எனக்குள்ள அன்பில் பாதி அந்தத் துணிக்காகத்தான்.

ஆனால் எலிகெம் தரையில் குச்சியால் கோடு போட்டான். படகு மோதிய மரக்கூட்டம் இங்கே. நீ துணி கட்டுகிற மரம் அங்கே, தனியாக, கரைக்குப் பாதி தூரத்தில். அவன் சும்மாதான் போட்டுக் காட்டினான். அவன் போன பிறகும் நான் அந்தக் கோட்டை அழிக்கவில்லை.

மோதியதுமே போன பிள்ளைக்கு, ஏன் அந்த மரத்தில் துணி?

அக்கா,
என்யோனம்


ஜெமெனி,
3 மே 2022

அக்காவுக்கு,

கும்புடுறேன். ஒரு வாரமா காய்ச்சல், அதான் லேட்டு. இப்ப தேவல. உன் முழங்கால்?

மரம் எல்லாம் மரம்தான் அக்கா. ஏரி ஏறும், எறங்கும், எது தலைய நீட்டிக்கிட்டு நிக்கிதோ அதுல கட்டுறேன். எலிகெமுக்கு ரோட்டுலயே எடது வலது தெரியாது, ஏரி தெரியப்போகுதா.

ஜிஃபாகிட்ட ஒண்ணும் மாத்தச் சொல்லாத. அவ பண்ணினது சரியா இருக்கு. ஐம்பத்திரண்டு தடவ பார்த்துட்டேன். வேகமா போனேன், மெதுவா போனேன், எஞ்சின அணைச்சிட்டு மிதந்து போனேன், ஜனங்கள பாதி வழியில எறக்கிவிட்டுட்டுக்கூட போனேன். நான் போய்ச் சேர்றப்ப கம்பத்துல அவன் இல்ல. திரும்பிப் போனா சாவுதான். போனாலும் அவன் கெடைக்கமாட்டான். அப்படித்தான் இருக்கணும். அது அப்படியே இருக்கட்டும்னு அவகிட்ட சொல்லு.

டோட்சே


ஹோ,
17 மே 2022

டோட்சேவுக்கு,

காய்ச்சல் விட்டதா? கஞ்சி குடி. வேப்பிலைக் கஷாயத்தைத் துப்பாமல் குடி.

"அப்படித்தான் இருக்கணும்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பலமுறை படித்தேன். நீ எழுதிய கடிதங்களிலேயே கேலி இல்லாத கடிதம் இதுதான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

நான்தான் முதலில் இறங்கிவந்தேன். ஜிஃபாவுக்கு எழுதினேன். சண்டை போடவில்லை. திரும்பிப் போகிறவன் ஏன் சாகவேண்டும் என்று மட்டும் கேட்டேன். நீண்ட பதில் வந்தது. பெரும்பாலும் அவள் உடல்நலம், என் உடல்நலம். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாள், அப்படியே தருகிறேன்:

"திரும்பிப் போனால் சாவு என்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை அம்மா. வழி இருக்கிறது. மிகச் சின்ன வழி. நாலு மாதமாக இவ்வளவு பேர் ஆடியும் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் தங்கள் காற்றை மிச்சம்பிடிப்பதிலேயே இருக்கிறார்கள். மாமாவுக்குத் தெரியும். மாமாவைக் கேளுங்கள்."

கேட்கிறேன், தம்பி. உனக்கு என்ன தெரியும்?

என்யோனம்


ஹோ,
14 ஜூலை 2022

டோட்சே,

உயிரோடு இருக்கிறாயா? எட்டு வாரம் ஆகிவிட்டது. எலிகெமின் வேன் வரும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்கிறேன். அவன் தூரத்திலேயே இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிடுகிறான்.

எலிகெம் எழுதிக் காட்டினான்: நீ தினமும் கொட்டகைக்குப் போகிறாயாம், ஆனால் ஆடுவதில்லையாம். இடம் கொடுத்தாலும் வேண்டாம் என்று ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கிறாயாம். யாராவது திரும்பிப் போகும்போது எழுந்து நின்றுகொள்கிறாயாம். அவர்கள் செத்ததும் உட்காருகிறாயாம்.

பதில் சொல். எதையாவது சொல். கேலியாவது பேசு.

அக்கா


ஜெமெனி,
வியாழன், 4 ஆகஸ்ட் 2022

அக்காவுக்கு,

இருக்கேன். நீ இருக்கியா? வீட்டுல எல்லாரும் இருக்காங்களா? இந்தத் தடவ முறைக்காகக் கேக்கல.

யாய்ரா கண்டுபிடிச்சுட்டா.

செவ்வாக்கிழமை, சந்தையில்லாத நாள், மழை. கொட்டாயில நாலு படகுக்காரனுங்க, எலிகெம், நான். யாய்ரா கெழங்கு பொரிச்சு முடிச்சிட்டு கையத் தொடச்சிக்கிட்டு வந்தா. "நகருங்கடா, ஏழு மாசமா என் கரண்ட தின்னுற சனியன் என்னன்னு நானும் பாக்குறேன்"னு உக்காந்தா. அதுவரைக்கும் அவ ஒரு தடவகூட ஆடினதில்ல. பட்டன் எதுன்னே தெரியாது. பசங்க சொல்லச் சொல்ல தட்டுறா. சாயங்காலம் வரைக்கும் ஆச்சு அந்த எடத்துக்கு வர.

கூட்டாளி கம்பத்தப் புடிச்சுக்கிட்டான். இவ கப்பல எடுத்தா. உனக்கு நான் ஒண்ணு எழுதல அக்கா. அவன விட்டுட்டுப் போறப்ப அவன் ரேடியோவுல கூப்புட்டுக்கிட்டே இருப்பான். "இருக்கீங்களா?"ன்னு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி, "இருக்கீங்களா?" பதில் சொல்ல ஒரு பட்டன் இருக்கு. ஆனா பேசினா காத்து செலவாகும். முள்ளு எறங்குறது கண்ணுக்குத் தெரியும். அதனால ஒருத்தனும் பதில் சொல்லமாட்டான். முதல் நாளே எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிக்குடுக்குறது அதுதான்: வாயத் தொறக்காத.

அவன் கூப்பிட்டான். யாய்ரா பதில் பட்டனத் தட்டிட்டா.

"ஐயோ அக்கா, காத்து போகுது!"ன்னு எலிகெம் கத்துறான்.

"போனா போகட்டும்டா. கூப்புட்ட குரலுக்குப் பதில் சொல்லாம போறது எந்த ஊரு வளர்ப்பு? உங்கம்மா உனக்குச் சொல்லிக்குடுக்கல?"

"அது பொம்மை அக்கா!"

"பொம்மையா இருந்தா என்ன, கேட்டுட்டான்ல?"

ஒவ்வொரு தடவயும் சொன்னா. அவன் "இருக்கீங்களா?"ங்கிறான், இவ "இருக்கேன்"ங்கிறா. காலையில தெருவுல போறவளுக்குப் பதில் சொல்ற மாதிரி. படகுக்காரனுங்க சிரிக்கிறானுங்க. முள்ளு பாதிக்குக் கீழ வந்துட்டுது. மத்தவங்கள எறக்கிவிட்டா. திரும்பிப் போனா. நான் எழுந்து நின்னேன்.

அவன் இருந்தான் அக்கா. கம்பத்தப் புடிச்சுக்கிட்டு அங்கேயே இருந்தான். பதில் கேட்டுக்கிட்டே இருந்ததால கைய விடல. அவன் முதுகுப் பையில காத்து இருந்துது. ரெண்டு பேருக்கும் போதுமான காத்து. அவன்கிட்டதான் இருந்துது.

கொட்டாயே ஆடுது. எலிகெம் யாய்ராவத் தூக்கிட்டான், கெழங்குச் சட்டி கவுந்துட்டுது. நான் வெளிய வந்துட்டேன்.

நீ வா. எனக்கு வேன்ல வர தெம்பு இல்ல. இல்ல, பொய்யி, தெம்பு இருக்கு, தைரியம் இல்ல. நீ வா.

டோட்சே


ஹோ,
11 ஆகஸ்ட் 2022

தம்பிக்கு,

வரும் வியாழக்கிழமை எலிகெமின் முதல் வேனில் வருகிறேன். வீட்டைப் பெருக்குகிறேன் என்று தூசியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாதே, எனக்குக் காதுதான் போயிற்று, கண் இருக்கிறது. எனக்காகச் சமைக்காதே.

நான் வருகிறேன் என்று ஜிஃபாவுக்கும் எழுதிவிட்டேன். "பொறுமையாகக் கேளுங்கள் அம்மா" என்று பதில் அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. எதுவும் நினைவிருக்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நீ சொல்வது எனக்குக் கேட்காது. காகிதம் எடுத்து வை. என் எதிரே உட்கார்ந்து எழுது, ஒவ்வொரு தாளாகக் கொடு. கேலி வேண்டாம்.

அக்கா


ஜெமெனி,
வியாழன், 18 ஆகஸ்ட் 2022

அக்கா,

எதிர்ல உக்காந்திருக்க. உனக்குக் கடுதாசி எழுதுறேன். வேர்க்கடலை வெச்சேன், தொடல. முறையா கேக்குறேன்: வழியில மேடு பள்ளம் எப்படி? முழங்கால்? கேலி இல்ல, எனக்கு வேற எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

எடெம் உடனே போகல.

மோதினப்ப ரெண்டு பேரும் என் பக்கத்துலதான் இருந்தாங்க. காத்தும் மழையும். ஒரு பலகை கெடச்சுது. ஜிஃபாவ முதுகுல கட்டிக்கிட்டேன், எடெம் பலகையப் புடிச்சுக்கிட்டு காலால தள்ளிக்கிட்டே வந்தான். நல்லா நீந்துவான், உனக்குத் தெரியும். பாதி தூரம் வந்தோம். பலகை மூணு பேரத் தாங்கல. அங்க ஒரு மொட்ட மரம் தனியா நின்னுது. அவன்தான் சொன்னான். "மாமா, தங்கச்சியக் கொண்டு போ. நான் இதப் புடிச்சுக்கிறேன்." நான் சொன்னேன், "கைய விடாத. வந்துடுறேன்." இந்தத் தாளப் படி. படிச்சிட்டு என்னப் பாக்காத.

இது ரெண்டாவது தாள்.

நீ நின்ன துறைக்கு ரொம்பத் தள்ளி கரை சேந்துட்டேன். ஜிஃபாவுக்கு மூச்சு இருந்துது. மதியம் மூணு மணிதான் இருக்கும், ஆனா மழையில ஒண்ணும் தெரியல. குரல் மட்டும் கேட்டுது. "மாமா, இருக்கியா?" ன்னான். என் கை ஓஞ்சுபோச்சுன்னு இவ்வளவு வருசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஓயல. பயம். பலகை காலடியில கெடந்துது. போகல.

போகாதது ஒண்ணு. அதுக்கு மேல இன்னொண்ணு. பதில் சொல்லல அக்கா. நான் பதில் சொன்னா, கரையிலேருந்து குரல் வருது, மாமா அங்க உக்காந்துட்டாருன்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். அதனால வாயத் தொறக்கல. "மாமா, இருக்கியா?"ன்னு கேக்கக் கேக்க சும்மா இருந்தேன். ஜிஃபா என் காதப் புடிச்சு இழுத்தா. "மாமா, அண்ணன் கூப்புடுது, சொல்லு"ன்னா. அவ வாயப் பொத்தினேன்.

பதில் சொல்லியிருந்தா படகு வர்ற வரைக்கும் புடிச்சுக்கிட்டிருப்பானோ என்னமோ. அரை மணி நேரத்துல படகு வந்துது. மரத்துல அவன் இல்ல.

கேம்ல திரும்பிப் போனா சாவுன்னு ஒவ்வொரு தடவ செத்தப்பவும் எனக்கு நெஞ்சு லேசாச்சு. அதுக்குத்தான் போனேன். போயிருந்தாலும் கெடச்சிருக்கமாட்டான்னு பாக்கத்தான் போனேன். நீ கேட்டியே, அதுக்கு இதான் பதில்.

கடைசியா அவன் என்னக் கூப்புடல. உன்னக் கூப்புட்டான். "அம்மா, இருக்கியா"ன்னான்.

மூணாவது தாள். அக்கா, உக்காரு. இன்னும் முடிக்கல. ரெண்டாவது தாள மடிச்சு இடுப்புத் துணியில சொருகிட்டு எழுந்துட்ட. இதையும் வாங்கிக்கோ. இதுலதான் மன்னிப்பு கேக்கலாம்னு வெச்சிருந்தேன், எழுத்துக் கூட்டி நாலு நாளா யோசிச்சு வெச்சிருந்தேன். உன் கண்ணாடி மேசையிலயே கெடக்கு. காதும் இல்லாம கண்ணும் இல்லாம எங்க போற?

வாசல் தாண்டிட்ட. வழி பிரியிற எடத்துல நிக்கிற. எடது பக்கம் எலிகெம் வேன், கிளம்பல, இன்னும் ஆள் ஏத்துறான். வலது பக்கம் தண்ணி.

அக்கான்னு கூப்புட்டேன். தெருவே திரும்பிப் பாக்குது. நீ பாக்கல. மறுபடி கூப்புட்டேன்.

வலது பக்கம் போற.

கூப்புட்டா கேக்காத ஆளுக்கு எழுதிக்கிட்டு உக்காந்திருக்கேன் பாரு, மூணாங்கிளாஸ் புத்தி. மிச்சம் கெடக்கட்டும்.

இரு. வர்றேன்.